அரசுப் பள்ளி ஆசிரியர் தனியார் பள்ளிக்குப் பரிந்துரை எழுதியே ஆக வேண்டுமா? அமெரிக்கப் பள்ளி விதிகள் பற்றி ஒரு விளக்கம்

அமெரிக்காவில் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு குழப்பம் கிளம்பும். எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்க்க விண்ணப்பிப்பார்கள். தனியார் பள்ளி, "இப்போது பாடம் நடத்தும் கணக்கு ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் பரிந்துரை அனுப்ப வேண்டும்" என்று கேட்கும். பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியோ, "எங்கள் ஆசிரியர்கள் பொதுப் படிவம் மட்டும்தான் நிரப்புவார்கள், தனிக் கடிதம் கிடையாது, இந்தத் தேதிக்குப் பிறகு கேட்டால் ஏற்க மாட்டோம்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடும். பெற்றோருக்குத் தலை சுற்றும். இது நம் உரிமையா, ஆசிரியரின் சலுகையா, மறுத்தால் யாரிடம் போவது?

நியூ ஜெர்சி, கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, வடக்கு வர்ஜீனியா என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் கூடுதலாக வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பள்ளி மாறுவது என்றால் மாற்றுச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பிள்ளை வேறு பள்ளிக்குப் போகக் கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்றே சொல்கிறது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் பரிந்துரையையும் அதே மாதிரி ஒரு சான்றிதழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது வேறு வகை. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

விண்ணப்பத்தில் என்னென்ன இருக்கும்

ஒரு தனியார் நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ விண்ணப்பிக்கும்போது, பிள்ளை இப்போது படிக்கும் பள்ளியிலிருந்து பொதுவாக மூன்று விஷயங்கள் போக வேண்டும்.

1. மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, சில இடங்களில் மாநிலத் தேர்வு முடிவுகள். இவை பள்ளி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதிவுகள்.

2. ஆசிரியர் பரிந்துரைகள். பெரும்பாலும் கணக்கும் ஆங்கிலமும். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் ஒரே வகுப்பாசிரியரே எல்லாப் பாடமும் நடத்துவார், அதனால் சில பள்ளிகள் அவர் ஒருவரிடம் மட்டும் வாங்கிக்கொள்ளும்.

3. பிரின்சிபால் அல்லது கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) தரும் அறிக்கை. ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, குடும்பம் பள்ளியோடு எப்படி ஒத்துழைக்கிறது என்பது போன்றவை இதில் வரும்.

இதோடு எஸ்எஸ்ஏடி, ஐஎஸ்இஇ போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண், பிள்ளையின் கட்டுரை, பெற்றோர் எழுதும் பகுதி, நேர்காணல் எல்லாம் சேரும். அவை நம் கையில் இருப்பவை. மேலே சொன்ன மூன்றும் அரசுப் பள்ளியின் கையில் இருப்பவை.

விண்ணப்பக் காலக்கெடு பல உறைவிடப் பள்ளிகளுக்கு ஜனவரி 15 அல்லது பிப்ரவரி 1-ஐ ஒட்டி வரும், முடிவுகள் மார்ச் 10 வாக்கில். நாள் பள்ளிகளும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். பள்ளி ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோதான் தொடங்குகிறது. ஆக, "இப்போது பாடம் நடத்தும்" ஆசிரியர் பரிந்துரை எழுத உட்காரும்போது உங்கள் பிள்ளையை அவருக்கு மூன்று மாதமாகத்தான் தெரியும். தமிழ்ப் பெற்றோர் "போன வருஷத்து டீச்சர்தான் இவளை நன்றாக அறிவார்" என்று சொல்வது நியாயம்தான், ஆனால் தனியார் பள்ளிகள் இந்த ஆண்டு ஆசிரியரைத்தான் கேட்கின்றன. இந்த நெருக்கடியான காலத்தில்தான் எல்லாச் சிக்கலும் முளைக்கிறது.

அந்தப் படிவத்துக்குள் என்ன கேட்கிறார்கள்

பரிந்துரை என்றதும் "இந்த மாணவன் மிகவும் நல்லவன், வல்லவன்" என்று ஒரு பக்கக் கடிதம் நம் மனதில் வரும். நடைமுறையில் பெரும்பாலும் அது ஒரு இணையப் படிவம். தனியார் பள்ளி அல்லது ராவென்னா, எஸ்எஸ்ஏடி தேர்வை நடத்தும் அமைப்பின் பொது விண்ணப்பத் தளம் போன்ற ஒன்று, நீங்கள் கொடுத்த ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு இணைப்பை அனுப்பும். அவர் திறந்து நிரப்பி அனுப்பினால் நேராகச் சேர்க்கைக் குழுவுக்குப் போய்விடும். உங்கள் கண்ணில் படாது.

பொதுவாக அதில் வரும் கேள்விகள் இப்படி இருக்கும். முதல் வரியிலேயே, இந்த மாணவரை விவரிக்க மூன்று சொற்கள் சொல்லுங்கள் என்பார்கள். அப்புறம் ஒரு நீண்ட அட்டவணை: பாடத்தில் திறமை, முயற்சி, அறிவு வேட்கை, வகுப்பு விவாதத்தில் பங்கு, வீட்டுப் பாடத்தை ஒழுங்காக முடிப்பது, நேர்மை, பிறர் மீது அக்கறை, விமர்சனத்தை ஏற்றுக்கொள்ளும் விதம், வயதுக்கேற்ற பக்குவம். ஒவ்வொன்றுக்கும் "நான் பார்த்த மிகச் சிலரில் ஒருவர்" என்பதில் தொடங்கி "சராசரிக்குக் கீழே" வரை கட்டங்கள், ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும். கணக்கு ஆசிரியர் என்றால் எந்தப் பாடநூல், எதுவரை நடத்தியிருக்கிறீர்கள் என்றும் கேள்வி வரும். பெற்றோரின் எதிர்பார்ப்பு நியாயமானதா, பள்ளியோடு ஒத்துப்போகிறார்களா என்பதற்கும் பல படிவங்களில் ஒரு கட்டம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கடைசியில், இந்த மாணவரை உற்சாகத்தோடு பரிந்துரைக்கிறேன், வலுவாகப் பரிந்துரைக்கிறேன், தயக்கத்தோடு பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்று ஒரு வரிசை.

ஒரு நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியருக்கு ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு இருபத்தைந்து முப்பது பேர் என்று வைத்தாலும் நூற்றிருபதுக்கு மேல் மாணவர்கள். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் குறி போடும்போது, "நான் பார்த்த மிகச் சிலரில் ஒருவர்" என்று எத்தனை பேருக்குப் போடுவார்? இங்கே அவர் சான்று கொடுக்கவில்லை, ஒப்பிட்டு மதிப்பிடுகிறார். தன் பெயரைப் போட்டு, தன் நம்பகத்தன்மையை வைத்து ஒரு கருத்து சொல்கிறார்.

பதிவேட்டின் மேல் உரிமை உண்டு, கருத்தின் மேல் கிடையாது

அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளை ஆள்வது 1974-இல் வந்த குடும்பக் கல்வி உரிமை மற்றும் தனியுரிமைச் சட்டம். எல்லோரும் ஃபெர்பா என்பார்கள். மத்தியக் கல்வித் துறையிடம் நிதி வாங்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும், அதாவது அநேகமாக எல்லா அரசுப் பள்ளிகளுக்கும். தனியார் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் அந்த நிதியை வாங்குவதில்லை என்பதால் அவை இதற்குள் வருவதில்லை.

இந்தச் சட்டம் நமக்குத் தருவது என்ன?

1. பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை, பள்ளி வைத்திருக்கும் அவரது கல்விப் பதிவேடுகளைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்ட 45 நாளுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். மத்தியச் சட்டம் பார்ப்பதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. நேரில் போய்ப் பார்க்க வழியே இல்லாத நிலையில்தான் நகல் தருவது கட்டாயமாகும். பல மாநிலச் சட்டங்கள் நகலையும் உரிமையாகவே தந்திருக்கின்றன.

2. பிள்ளை சேர விரும்பும் வேறொரு பள்ளிக்குப் பதிவேடுகளை அனுப்ப, பெற்றோரின் தனிச் சம்மதம் இல்லாமலே பள்ளிக்கு அனுமதி உண்டு. அனுமதி என்று கவனமாகப் படியுங்கள், இது கட்டாயம் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் நடைமுறையில் மதிப்பெண் பட்டியல் அனுப்ப மறுக்கும் அரசுப் பள்ளியை நீங்கள் பார்ப்பது அரிது.

பரிந்துரை பற்றி? அதை எழுதித் தர வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இல்லாத ஒன்றை உருவாக்கித் தரும்படி பதிவேட்டுச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆசிரியரின் மனதில் இருக்கும் கருத்து, எழுதும் வரை பதிவேடு ஆகாது. அதனால்தான் மதிப்பெண் பட்டியல் கேட்கும்போது "எனக்கு உரிமை உண்டு" என்று பேசலாம், பரிந்துரை கேட்கும்போது "தயவு செய்து" என்றுதான் கேட்க முடியும். பள்ளி மாவட்டங்கள் விதி போடுவது இந்த இரண்டாவது பகுதியில்தான், ஏனென்றால் அங்கே மத்தியச் சட்டம் அவர்களுக்குக் களத்தை விட்டுவைத்திருக்கிறது.

மாவட்டங்கள் என்ன விதி போடுகின்றன

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது பள்ளி மாவட்டங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அல்லது நியமிக்கப்பட்ட வாரியம், தனித்தனி விதிகள். பக்கத்து ஊரில் இருக்கும் உறவினர் பள்ளியில் நடந்தது உங்கள் பள்ளியில் நடக்க வேண்டியதில்லை. ஒரே மாவட்டத்தில்கூட மாவட்ட விதி எதுவும் இல்லாமல் ஒவ்வொரு பிரின்சிபாலும் தானாக ஒரு வழக்கம் வைத்திருப்பார். இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்தால் சில வகைகள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன.

1. முழு விருப்பம்: ஆசிரியர் விரும்பினால் எழுதலாம், விரும்பாவிட்டால் வேண்டாம். பள்ளி தலையிடாது.

2. பொதுப் படிவம் மட்டும்: எத்தனை பள்ளிக்கு விண்ணப்பித்தாலும் ஆசிரியர் ஒரே ஒரு படிவம் நிரப்புவார், அதுவே எல்லாப் பள்ளிக்கும் போகும். தனிக் கடிதமும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனிப் படிவமும் கிடையாது.

3. அலுவலகம் வழியாக மட்டும்: பெற்றோர் ஆசிரியரை நேராகக் கேட்கக் கூடாது. கவுன்சிலரிடமோ பள்ளி அலுவலகத்திலோ ஒரு கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும், அவர்கள் ஆசிரியருக்கு அனுப்புவார்கள்.

4. காலக் கட்டுப்பாடு: காலக்கெடுவுக்கு இத்தனை வாரம் முன்பே கேட்க வேண்டும், குளிர்கால விடுமுறையில் ஆசிரியர்கள் எழுத மாட்டார்கள்.

5. பதிவேடு மட்டும்: மதிப்பெண் பட்டியலை அனுப்புவோம், பரிந்துரை எதுவும் எழுத மாட்டோம். இது அரிது, ஆனால் இருக்கிறது. பெற்றோரை அதிகம் கலங்கடிப்பது இதுதான்.

இந்த ஐந்தில் இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஐந்தாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு

முதல் காரணம் நேரம். ஓர் எட்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியரிடம் 15 பிள்ளைகள் பரிந்துரை கேட்கிறார்கள், ஒவ்வொருவரும் 4 பள்ளிக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனிப் படிவம் என்றால் 60. பொதுப் படிவம் என்றால் 15. அதுவும் மதிப்பெண் அட்டை எழுதும் அதே வாரங்களில். இந்த வேலைக்கு அவருக்குத் தனிச் சம்பளம் இல்லை, ஒப்பந்தத்திலும் பொதுவாக எழுதியிருக்காது. ஆசிரியர் சங்கத்துக்கும் மாவட்டத்துக்கும் ஊதிய ஒப்பந்தத் தகராறு வரும்போது "ஒப்பந்தத்தில் உள்ள வேலையை மட்டும் செய்வோம்" என்று போராடும் ஆசிரியர்கள் பரிந்துரை எழுதுவதை நிறுத்திய நிகழ்வுகள் உண்டு. அந்த வேலை சட்டப்படி ஒரு தன்னார்வப் பணிதான் என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும்.

இரண்டாவது, பணம். பெற்றோர் உடனே சந்தேகப்படுவது இதைத்தான்: "பிள்ளை போனால் பள்ளிக்கு நிதி குறையும், அதனால்தான் தடுக்கிறார்கள்." இது பாதி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் மாநில நிதி மாணவர் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2013 முதல் உள்ள நிதி முறையில் சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் கணக்கு. பிள்ளை போனால் பணமும் போகும். ஆனால் அதே கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோ மாதிரி சில மாவட்டங்களில் உள்ளூர்ச் சொத்து வரியே, மாநிலம் அந்த மாவட்டத்துக்குக் கணக்கிடும் நிதி அளவைத் தாண்டிவிடுகிறது. அங்கே ஒரு பிள்ளை வெளியேறினால் வருமானம் குறையாது, இருக்கும் பணம் மீதமுள்ளவர்களுக்குப் பகிரப்படும். அந்த மாவட்டங்களிலும் கட்டுப்பாடு இருந்தால் அதற்கு நிதியைக் காரணமாகச் சொல்ல முடியாது. அதனால் "காசுக்காகத்தான்" என்று முடிவு கட்டுவதற்கு முன் உங்கள் மாவட்டத்துக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று பாருங்கள். மாவட்டத்தின் வரவு செலவு அறிக்கை பொது ஆவணம், இணையத்திலேயே கிடைக்கும்.

மூன்றாவது, தனியுரிமை. பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், தனிக் கல்வித் திட்டம் இருக்கலாம், ஆலோசனை பெற்றுக்கொண்டிருக்கலாம். தனியார் பள்ளிப் படிவத்தில் "இந்த மாணவருக்குக் கூடுதல் உதவி தேவைப்படுகிறதா" என்று ஒரு கேள்வி இருந்தால், அரசுப் பள்ளி ஆசிரியர் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது? ஆசிரியர் தன்னிச்சையாக எழுதி வைத்துவிட்டால் சிக்கல் மாவட்டத்துக்குத்தான். அலுவலகம் வழியாகப் போக வேண்டும் என்ற விதியில் இந்தப் பயம் ஒரு பெரிய பங்கு. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவமும் இதற்காகத்தான்.

நான்காவது, பொறுப்பு. நல்ல நோக்கத்தோடு உண்மை என்று நம்பி எழுதும் பரிந்துரைக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக ஒரு பாதுகாப்பு தருகின்றன, அதனால் அவதூறு வழக்கு வெல்வது எளிதல்ல. ஆனாலும் கோபமான பெற்றோரின் மின்னஞ்சல், பிரின்சிபால் அறையில் ஒரு சந்திப்பு, அடுத்த ஆண்டு அதே வீட்டுத் தம்பி தங்கை அதே வகுப்பில், இவை போதும் ஓர் ஆசிரியரைத் தயங்க வைக்க.

"பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற கட்டம்

விண்ணப்பத் தளத்தில் ஒரு கட்டம் வரும்: பரிந்துரையைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன். பலர் இதில் நின்றுவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் ஏதாவது இழந்துவிடுவோமோ?

சேர்க்கைக்காக எழுதப்படும் ரகசியப் பரிந்துரைகள் மீதான உரிமையை விட்டுக்கொடுக்க ஃபெர்பா சட்டமே இடம் தருகிறது. நடைமுறையில் இதன் பொருள் இதுதான். ஆசிரியர் இணையத் தளத்தில் நேராக நிரப்பி அனுப்பினால் நகல் தனியார் பள்ளியிடம் மட்டும் இருக்கும். அந்தப் பள்ளி ஃபெர்பாவுக்குள் வராது, காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. அரசுப் பள்ளிக் கோப்பில் ஒரு நகல் வைக்கப்பட்டால், நீங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காதவரை, அது பிள்ளையின் பதிவேடு என்று கேட்க உங்களுக்கு வாய்ப்பு உண்டு. இதனால்தான் பல பள்ளிகள் நகல் வைத்துக்கொள்வதே இல்லை.

என் கருத்தைச் சொல்கிறேன்: விட்டுக்கொடுங்கள். பெற்றோர் பார்ப்பார்கள் என்று தெரிந்து எழுதிய பரிந்துரையைச் சேர்க்கைக் குழு பெரிதாக நம்பாது. ஆசிரியரும் கைகட்டிக்கொண்டு எழுதுவார். ஆசிரியர் என்ன எழுதுவாரோ என்று உங்களுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தால், அதைக் கட்டத்தில் தீர்க்க முடியாது. வேறு ஆசிரியரை ஏற்பார்களா என்று தனியார் பள்ளியைத்தான் கேட்க வேண்டும்.

யாருக்கு அடி விழுகிறது

தனியார் பள்ளிகளிலேயே ஒரு வகை உண்டு, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் பள்ளிகள். அங்கே படிப்பவர்கள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போயே ஆக வேண்டும். அதனால் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதற்கென்றே ஒரு பணியாளர் இருப்பார். சேர்க்கை அதிகாரிகளோடு அவருக்கு நேரடிப் பழக்கம், எந்தப் பள்ளிக்கு என்ன படிவம் என்பது அத்துப்படி, ஆசிரியர்கள் பரிந்துரை எழுதுவது அங்கே வேலையின் ஒரு பகுதி. அந்தப் பள்ளியில் படிக்க ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் கட்டிய குடும்பத்துக்கு இந்தத் தலைவலியே இல்லை.

அரசுப் பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி ஒன்றும் கிடையாது. அதிலும் யாருக்கு மிகவும் கடினம்? பெற்றோர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதித் தொடர்ந்து கேட்கக்கூடிய வீடு எப்படியோ சமாளித்துவிடும். உதவித்தொகையை நம்பி விண்ணப்பிக்கும் ஏழைப் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். அரசுப் பள்ளிகளில் படிக்கும் திறமையான சிறுபான்மைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பும் அமைப்புகள் நெடுங்காலமாக இருக்கின்றன. 1963-இல் தொடங்கிய 'எ பெட்டர் சான்ஸ்', நியூ யார்க்கில் 1978-இல் தொடங்கிய 'பிரெப் ஃபார் பிரெப்' இரண்டும் இப்படிப்பட்டவை. அந்தப் பிள்ளைகளின் விண்ணப்பத்திலும் ஆசிரியர் பரிந்துரை ஒரு முக்கியமான தாள். "நாங்கள் எழுத மாட்டோம்" என்ற ஒட்டுமொத்தத் தடை போட்டால், வெளியேறும் வசதியானவரைத் தடுத்ததாக மாவட்டம் நினைக்கலாம், உண்மையில் கதவு சாத்தப்படுவது இவர்கள் முகத்தில்தான். அதனால்தான் மேலே ஐந்தாவது வகையை நான் ஏற்கவில்லை. பொதுப் படிவம், காலக்கெடு, அலுவலக வழி எல்லாம் வேலையை ஒழுங்கு செய்கின்றன. ஒட்டுமொத்த மறுப்பு, இந்தப் படிவத்தைத் தவிர வேறு பலம் இல்லாத பிள்ளையிடமிருந்து அதையும் பறிக்கிறது.

மறுபக்கமும் உண்டு. பரிந்துரையே சமமற்ற கருவி, அதை யாரும் கேட்கக் கூடாது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளி, தனியார் பள்ளி அல்ல, நம் மக்கள் நிறையப் பேர் அறிந்த அரசுப் பள்ளி. 2020-இல் அதன் சேர்க்கை முறையை மாற்றியபோது நுழைவுத் தேர்வையும் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்ததோடு ஆசிரியர் பரிந்துரையையும் எடுத்துவிட்டார்கள். தனியார் பள்ளிகள் அந்தப் பக்கம் போவதாகத் தெரியவில்லை. வகுப்பறையில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லும் ஒரே குரல் ஆசிரியருடையது என்பதால் அதை விட அவர்களுக்கு மனமில்லை.

இந்த நெருக்கடி இனி கூடுமா

கூடும் என்றே நினைக்கிறேன். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டங்கள் வேகமாகப் பரவுகின்றன. அரிசோனா 2022-இல் எல்லா மாணவர்களுக்கும் திறந்துவிட்டது, ஃபுளோரிடா 2023-இல். டெக்சாஸ் 2025 மே மாதம் 100 கோடி டாலர் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது, 2026-27 கல்வியாண்டில் அது நடைமுறைக்கு வருகிறது. 2025 ஜூலையில் வந்த மத்திய வரிச் சட்டத்தில், பள்ளி உதவித்தொகை அமைப்புகளுக்குக் கொடுப்பவர்களுக்கு 1,700 டாலர் வரை வரிச் சலுகை உண்டு, 2027-இல் தொடங்கும். உதவித்தொகை ஏற்கும் பல பள்ளிகள் பரிந்துரையே கேட்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் போட்டி அதிகமுள்ள பள்ளிகளுக்கு விண்ணப்பம் கூடினால், அரசுப் பள்ளி ஆசிரியரின் மேசைக்கு வரும் படிவமும் கூடும். இதுவரை விதியே இல்லாத மாவட்டங்களும் விதி எழுத உட்காரும்.

நடைமுறையில் என்ன செய்வது

1. செப்டம்பரிலேயே பள்ளியின் கையேட்டையும் கவுன்சிலர் பக்கத்தையும் பாருங்கள். விதி இருந்தால் அங்கேதான் இருக்கும். தெரியவில்லை என்றால் கவுன்சிலருக்கு இரண்டு வரி: "எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்புக்குச் சில பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறாள், பரிந்துரைக்கான நடைமுறை என்ன?" அது போதும். ஏன் போகிறோம் என்று விளக்கவோ இந்தப் பள்ளியைக் குறை சொல்லவோ தேவையே இல்லை.

2. பள்ளிக்குத் தெரிந்தால் பிள்ளையை ஓரங்கட்டுவார்களோ என்று மறைத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. எப்படியும் பரிந்துரைக் கோரிக்கையில் தெரியப்போகிறது. தனியார் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளை தன் ஊர் அரசுப் பள்ளியிலேயே தொடரலாம், விண்ணப்பித்ததற்காக அந்த இடத்தை யாரும் பறிக்க முடியாது.

3. பொதுப் படிவம் மட்டும் என்ற விதி இருந்தால், விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பள்ளியும் அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். நியூ யார்க் வட்டாரத்தில் தனியார் பள்ளிகளின் சேர்க்கைச் சங்கம் ஒன்று இருக்கிறது, ஐசாக்னி என்பார்கள், அது பொதுவான நடைமுறைகளை வகுத்து வைத்திருக்கிறது. எல்லா வட்டாரத்திலும் அப்படி இருக்காது.

4. ஆசிரியரின் பள்ளி மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். படிவத்தின் இணைப்பு வெளித் தளத்திலிருந்து வருவதால் மாவட்டத்தின் மின்னஞ்சல் வடிகட்டி அதைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளிவிடும். ஆசிரியர் எழுதவில்லை என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள், அவருக்கோ வந்ததே தெரியாது. இணைப்பு அனுப்பிய மறுநாள் "வந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை. அதன்பின் வாரம் ஒருமுறை நச்சரிப்பதில்தான் தவறு.

5. பரிசுப் பொருள் வேண்டாம். நம் வழக்கப்படி தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பது ஒன்று, பரிந்துரை கேட்ட வாரத்தில் பெரிய தொகைக்குக் கிஃப்ட் கார்டு கொடுப்பது வேறு. அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். மாசசூசெட்ஸில் 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசை அவர் பதவியின் பேரில் வாங்கவே கூடாது. மற்ற மாநிலங்களிலும் மாவட்டங்களிலும் தங்களுக்கென்று விதி இருக்கும். எழுதி முடித்த பிறகு பிள்ளை கையால் எழுதிய ஒரு நன்றி அட்டை கொடுத்தால் போதும்.

6. பள்ளி எழுத மறுத்தால், அந்த மறுப்பை மின்னஞ்சலாக வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தனியார் பள்ளிச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, இதற்குப் பதில் எதை ஏற்பீர்கள் என்று கேளுங்கள். போன ஆண்டு ஆசிரியர், அறிவியல் அல்லது சமூக அறிவியல் ஆசிரியர், வெளியே இசையோ விளையாட்டோ சொல்லித்தருபவர், பிள்ளை எழுதி ஆசிரியர் திருத்திய கட்டுரை ஒன்று, இப்படிப் பள்ளிக்குப் பள்ளி மாறும். மாவட்ட விதியால் வராத பரிந்துரை வேறு, பிள்ளைக்கு எழுத ஆசிரியர் கிடைக்காதது வேறு என்பது சேர்க்கை அலுவலர்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னால்தான் இது எந்த வகை என்று அவர்களுக்குத் தெரியும், எனவே காலக்கெடுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

7. விதியே தவறு என்று நினைத்தால் ஆசிரியரிடம் சண்டை போடாதீர்கள், அதை அவர் எழுதவில்லை. பள்ளி வாரியக் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை, பொதுமக்கள் பேசவும் வழக்கமாக நேரம் ஒதுக்குவார்கள். உதவித்தொகை தேடும் பிள்ளைகளுக்கு விதிவிலக்கு வேண்டும், பொதுப் படிவமாவது அனுமதிக்க வேண்டும் என்று அங்கே கேட்கலாம். கூட்ட நிரலும் பேசப் பதிவு செய்யும் முறையும் மாவட்ட இணையதளத்தில் இருக்கும். பல ஊர்களில் கூட்டத்துக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும்.